கூடும் கிளியும்: புத்தளக் கரையோரத்துப் பெருங்கிளி வளர்ப்பு – ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் தன் மனையிற் சேர்த்துக்கொண்ட உயிரினங்களுட் பெரும்பாலானவை பயன் கருதிச் சேர்க்கப்பட்டவையே. பசு பாலுக்காகவும், எருது உழவுக்காகவும், நாய் காவலுக்காகவும், கோழி முட்டைக்காகவும் மனை முற்றத்துக்கு வந்தன. இவ்வரிசையிற் கிளிக்கு இடமில்லை. அது சுமை சுமப்பதில்லை, காவல் செய்வதில்லை, அதன் முட்டையையோ இறைச்சியையோ நாடி எவரும் அதனை வளர்ப்பதில்லை. வயலிலும் பழத்தோட்டத்திலும் அது விளைச்சலை அழிக்கும் பகையாகவே கருதப்படுகின்றது. எனினும், ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதன் அதனைத் தன் குடும்பத்துள் ஒன்றாகப் பாராட்டி வந்துள்ளான். அதற்குத் தலையாய காரணம் கிளி பேசும் என்பதே.

பேசும் பறவை என்னும் இப்பெருமை கிளிக்கு நன்மையாக முடிந்ததா என்பது வரலாற்றிடம் கேட்கத்தக்க வினாவாகும். தமிழிலே, பறவை தன் குஞ்சுகளைப் பொரித்து வளர்க்கும் இடமும் கூடு எனப்படும். அதனை அடைத்து வைப்பதற்கு மனிதன் கம்பிகளால் அமைப்பதும் கூடு எனப்படும். எழுத்து வழக்கிற் பின்னதைக் கூண்டு என வேறுபடுத்துவாருளர். ஆயினும் இலங்கைத் தமிழரின் பேச்சு வழக்கிலே ‘கிளிக்கூடு’ என்றதும் திண்ணையில் தொங்கும் கம்பிக்கூடே நினைவுக்கு வரும். முதலாவது கூட்டிலிருந்து இரண்டாவது கூட்டுக்குக் கிளி வந்துசேர்ந்த வரலாற்றினை, இலங்கையின் வடமேற்கில் அமைந்த புத்தள மாவட்டக் கரையோரத்தை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பறவையும் நிலமும்

இலங்கையில் இயல்பாக வாழும் கிளியினங்கள் ஐந்து. அவற்றுட் சில ஈரவலயக் காடுகளுக்கே உரியன. வடமேல் மாகாணத்தின் தாழ்நிலத்தில் மக்கள் நன்கறிந்தவை இரண்டு. ஒன்று, கழுத்தில் மெல்லிய செவ்வளையம் அணிந்த செந்தார்க்கிளி. மற்றையது அதன் மூத்த உடன்பிறப்புப் போலத் தோன்றும் பெரிய பச்சைக்கிளி. சிங்களத்தில் இதனை ‘லபு கிரவா’ என்பர். நீண்ட வாலையும் சேர்த்து அளந்தால் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் நீளமுடைய இப்பறவையே இலங்கைக் கிளிகளுட் பெரியது. இரு தோள்களிலும் அமைந்த கருஞ்சிவப்புப் பட்டையும், பருத்துச் சிவந்த அலகும் இதன் அடையாளங்கள். ஆண் பறவைக்கு முதிர்ச்சியெய்திய பின்னரே கழுத்து வளையம் தோன்றும். பெண்ணுக்கு அது தோன்றுவதில்லை. இக்கட்டுரையில் இது பெருங்கிளி என்றே வழங்கப்படுகின்றது.

இப்பறவைக்கு வழங்கும் பிற பெயர்களும் வரலாற்றுச் சுவையுடையன. ஆங்கிலத்தில் இது அலெக்சாந்தர் மன்னனின் பெயரால் அறியப்படும். கி.மு. 327 தொடக்கம் 325 வரை சிந்துவெளியிற் போர் நடத்திய அவனது படையினர் மேலை நாட்டுக்குக் கொண்டுசென்ற கிளி இதுவே என்ற கருத்தினால் அப்பெயர் நிலைபெற்றது. அறிவியற் பெயரோ தமிழ் மண்ணோடு தொடர்புடையது. சுவீடிய அறிஞர் இலினேயசு 1766இல் இப்பறவைக்கு ‘யூபற்றியா’ எனப் பெயரிட்டபோது, அதற்கு ஆதாரமாக அமைந்தது தமிழகத்துச் செஞ்சியிலிருந்து அறியப்பட்ட கிளியாகும். நற்குடிப் பிறப்பு என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். இலங்கையில் வாழும் பெருங்கிளிகளும் செஞ்சிக் கிளியின் உட்பிரிவையே சேர்ந்தவை.

பெருங்கிளி புல்லாலும் சுள்ளியாலும் கூடு கட்டுவதில்லை. முதிர்ந்த மரத்தின் பொந்தையோ, பட்டுப்போன தென்னை அல்லது பனையின் தண்டில் அமைந்த துளையையோ அலகாற் குடைந்து பெருப்பித்து அதனுள்ளே முட்டையிடும். ஒரு முறைக்கு இரண்டு முதல் நான்கு முட்டைகள் வரை காணப்படும். குஞ்சு பொரிப்பதற்கு நான்கு கிழமைகள் வரை செல்லும். குஞ்சு இறகு முற்றிப் பறப்பதற்கு மேலும் ஏழு கிழமைகளளவு வேண்டும். இந்த ஏழு கிழமைக் காலமே கிளி வளர்ப்பின் வரலாற்றில் முக்கியமான காலப்பகுதி என்பது பின்னர் விளக்கப்படும்.

புத்தளக் கரையோரம் இத்தகைய பறவைக்கு ஏற்ற நிலமாகும். தெற்கே லுணுவில, சிலாபம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தென்னந்தோப்புகளும், நடுவே உடப்பு, முந்தல் முதலிய கடலோரக் குடியிருப்புகளும், வடக்கே கற்பிட்டிக் குடாநாடும் புத்தளம் வாவியும், அவற்றுக்கப்பால் வில்பத்துக் காடும் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. காடு உறைவிடமும், தோப்பு இரவுத் தங்கலும், வயல் உணவும் தந்தமையால் மனிதனும் கிளியும் இங்கு அயலவராக வாழ நேர்ந்தது.

பகையும் உறவும்

தமிழ் இலக்கியத்திலே கிளிக்கு இரண்டு நிலைகள் உண்டு. குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தில் அது விரட்டப்படும் பறவை. தட்டை, குளிர் முதலிய கருவிகளால் ஒலியெழுப்பிக் கிளி ஓட்டும் மகளிரைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டிற் காணலாம். மனையகத்திலோ அது பேணப்படும் பறவை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, அந்தணர் உறைவிடத்திலே கிளிகளுக்கு மறையோசை பயிற்றப்பட்டமையைக் குறிப்பிடுகின்றது. ஆகவே புனத்திற் பகையாகவும் மனையில் உறவாகவும் ஒரே பறவையைக் கருதும் வழக்கம் சங்ககாலத்திலேயே நிலவியதெனலாம். இவ்விரு நிலைகளுக்குமிடையே உள்ள வேறுபாடு பேச்சு ஒன்றே. கூட்டமாக வந்து கதிரைக் கொய்யும்போது கிளிக்குப் பெயரில்லை. தனித்து மனையிலிருந்து ஒரு சொல்லைச் சொன்னவுடன் அதற்குப் பெயரும் பரிவும் கிடைத்துவிடுகின்றன.

வடமொழி நூல்களும் இதனை உறுதி செய்கின்றன. கிளிக்கும் நாகணவாய்க்கும் பேச்சுப் பயிற்றுவதை அறுபத்துநான்கு கலைகளுள் ஒன்றாகக் காமசூத்திரம் கூறும். அரண்மனையில் வளர்க்கப்படும் கிளி பாம்பு நஞ்சை உணர்ந்து குரலெழுப்பும் என அர்த்தசாத்திரம் கூறும். மேலை நாட்டாருக்கும் கிளியின் பேச்சே வியப்பளித்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாரசீக அரசவையில் மருத்துவராயிருந்த கிதேசியசு என்னும் கிரேக்கர், இந்திய மொழி பேசும் பறவையொன்றைப் பற்றி எழுதினார். கிரேக்க மொழியைக் கற்பித்தால் அதனையும் அது பேசும் என்றார். கி.பி. முதலாம் நூற்றாண்டினராகிய பிளினி, இந்தியாவிலிருந்து வரும் கிளி மன்னரை வாழ்த்தும் என்றும், பேசப் பயிலும்போது அதன் தலையில் இருப்புக் கோலால் அடிப்பர் என்றும் குறிப்பிட்டார். ஏலியன் என்பார் இந்தியர் கிளியை உண்பதில்லை என்றும், மனிதர் போற் பேசுவதாற் பிராமணர் அதனைப் புனிதமாகக் கருதுவர் என்றும் எழுதினார். வியப்பும் வழிபாடும் ஒருபுறமிருக்க, தலையிலடிக்கும் இருப்புக் கோலும் அதே வரலாற்றில் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது.

பிளினியின் நூல் புத்தளக் கரையோடும் தொடர்புடையது. கிளவுதியசு பேரரசன் காலத்தில் (கி.பி. 41–54) அன்னியசு பிளொகாமசு என்பானின் ஏவலாளன் ஒருவன் காற்றினால் அடித்துச் செல்லப்பட்டுத் தப்ரபேனிலுள்ள கிப்புரோசு என்னும் துறைமுகத்தை அடைந்தான் என்று அவர் கூறுகின்றார். தப்ரபேன் என்பது இலங்கை. கிப்புரோசு என்ற பெயரிற் குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அமைந்திருத்தலால், அது புத்தள மாவட்டத்தின் வட எல்லையை அண்டியுள்ள குதிரைமலையே என ஆய்வாளர் சிலர் கொள்வர். குதிரைமலையிற் கிளி கப்பலேறியது எனப் பிளினி கூறவில்லை. கிளியின் புகழை உரோமாபுரிக்குக் கொண்டுசென்ற கடற்பாதை இக்கரையையும் தொட்டுச் சென்றது என்பதே இதனாற் பெறப்படும்.

பிற்காலத்திலும் இத்தொடர்பு அற்றுப்போகவில்லை. 1344இல் இபின் பதூதா புத்தளத்தில் இறங்கியபோது அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். மன்னர் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டார் என்பது பதூதாவின் குறிப்பு. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே, 1330ஆம் ஆண்டளவில், நக்சபி என்பார் வடமொழிக் கிளிக்கதைகளைத் தழுவிப் பாரசீகத்திற் ‘தூத்திநாமா’ என்ற நூலை இயற்றியிருந்தார். வணிகன் பயணம் சென்றபின் அவன் மனையாளுக்கு இரவுதோறும் கதை கூறி அவளை வீட்டிலிருத்தும் கிளியே அந்நூலின் தலைமைப் பாத்திரம். முத்தும் கறுவாவும் விற்ற இத்துறைமுகத்தார்க்கும், கடல் கடந்து சென்ற கணவன் மீளும்வரை காத்திருக்கும் மனையும், அம்மனையின் தனிமையைப் போக்கும் பேச்சும் அயலானவையல்ல.

ஈழத்து இலக்கியத்திலும் கிளி தூது சென்றது. கோட்டை இராச்சிய காலத்தில், 15ஆம் நூற்றாண்டில், சிங்களத்திற் ‘கிரா சந்தேசய’ என்னும் கிளித்தூது எழுந்தது. யாழ்ப்பாணத்துச் சுழிபுரம் வரத பண்டிதர் தமிழிற் கிள்ளைவிடு தூது பாடினார். இரண்டு மொழிப் புலவரும் தம் சொல்லை ஒப்படைப்பதற்குக் கிளியையே தகுதியுடையதாகக் கண்டனர்.

சிலாபத்து மாலைப்பொழுது

புத்தளக் கரையோரத்துக் கிளிகளைப் பற்றிய மிக விரிவான பழைய செய்தி 19ஆம் நூற்றாண்டினது. இலங்கைப் பறவைகளை ஆராய்ந்த எட்கார் லேயாட் என்னும் ஆங்கிலேயர் சிலாபத்திற் கண்ட காட்சியைத் தமது குறிப்புகளில் எழுதிவைத்தார். குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமேசன் ரெனன்ற் 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில் அச்செய்தியை எடுத்தாண்டார். பெருங்கிளியை அறிமுகம் செய்ததையடுத்தே அதனை வைத்தார்.

அச்செய்தியின் சாரம் வருமாறு: சிலாபத்துக் கடைத்தெருவின் மேலாகக் கவிந்து நின்ற தென்னைகளிற் கிளிகள் இரவு தங்குவது வழக்கம். மாலைச் சந்தையில் விலை பேசுவோரின் கூச்சலையும் அவற்றின் ஒலி விஞ்சி நின்றது. அவற்றை எண்ணிவிட விரும்பிய லேயாட், ஊருக்கு அரை மைல் தொலைவிலுள்ள பாலமொன்றில் நின்று கிழக்கிலிருந்து வருவனவற்றை மட்டும் கணக்கிட முயன்றார். பிற்பகல் நான்கு மணியளவிற் சிறு சிறு கூட்டங்கள் வரத் தொடங்கின. அரை மணி நேரத்துள் கூட்டம் கூட்டமாகப் பிரித்தறிய இயலாதவாறு வானம் முழுவதும் ஒரே பசிய வெள்ளமாயிற்று. எண்ணும் முயற்சி கைவிடப்பட்டது. இருண்ட பின்னரும் இடம் பிடிப்பதற்காகக் கிளிகள் சச்சரவிடும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. இறுதியில் அவ்விரைச்சல் தாங்காது அவர் வாடிவீட்டுக்குத் திரும்பினார்.

அத்திரள் முழுவதும் பெருங்கிளியே எனக் கொள்ளுதல் பொருந்தாது. தாழ்நிலத்திற் செந்தார்க்கிளியே தொகையிற் கூடியது. ஆயினும் இச்செய்தியால் இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. கிளிக்கும் ஊருக்கும் இடையே தூரமில்லாத காலம் ஒன்று இக்கரையில் இருந்தது என்பது ஒன்று. கிளி தன்னியல்பிற் பெருங்கூட்டமாக வாழும் பறவை என்பது மற்றையது. சந்தைக்கு வந்தோர் கிளியின் குரலைக் கேட்பதற்குக் கூடு வாங்க வேண்டியிருக்கவில்லை. தலைக்கு மேலேயே அது கேட்டது.

இந்நிலை மாறுவதற்கும் தென்னையே ஒரு காரணமாயிற்று. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இப்பிரதேசத்திற் காடுகள் அழிக்கப்பட்டுத் தென்னந்தோட்டங்கள் விரிவுபெற்றன. புகையிரதப் பாதை 1916இற் சிலாபத்தையும் 1926இற் புத்தளத்தையும் அடைந்தது. 1929இல் லுணுவிலவில் தென்னை ஆராய்ச்சிக்கான நிறுவனம் தோன்றியது. பெருந்தோட்டம் ஒருபுறம் கிளிக்குப் புதிய இரவுத் தங்கலை அளித்தது. மறுபுறம் பொந்துடைய பழைய காட்டு மரங்களை இல்லாமற் செய்தது. பட்டுப்போன தென்னைத் தண்டு எஞ்சிய கூடாயிற்று. ஆனால் உக்கும் தென்னந்தண்டிற் காண்டாமிருக வண்டு பெருகும் ஆதலால், அதனை வெட்டி எரிப்பதே தோட்டக்காரனுக்கு நன்மை தருவது. எஞ்சி நிற்கும் சில தண்டுகளோ எல்லாருடைய கண்ணிலும் படுவன. கிளி எங்கே குஞ்சு பொரித்திருக்கின்றது என்பதை அறிவதற்குக் காட்டினுள் அலைய வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று.

மனைக்கு வந்த பிள்ளை

பறவைகளின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் விதிக்கின்றது. ஓரறிவுயிராகிய மரத்தின் இளமைக்கும் பிள்ளை என்ற பெயர் ஆகும் என்பது அவ்வியலின் கருத்து. அதனாலேயே கிளிப்பிள்ளை என்றும் தென்னம்பிள்ளை என்றும் வழங்குகின்றோம். தென்னையும் கிளியும் நிறைந்த இக்கரையில் இரண்டும் வீட்டுக்காரரின் பிள்ளைகளாகவே பேணப்பட்டன. ஆயினும் தென்னம்பிள்ளை நட்ட இடத்திலே வேரூன்றும். கிளிப்பிள்ளையோ பிறந்த இடத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டாலன்றி மனைக்கு வருவதில்லை.

வளர்ந்த பெருங்கிளியைப் பிடித்துப் பழக்குதல் அரிது. ஆதலால் இறகு முளைக்கும் பருவத்திலேயே குஞ்சு எடுக்கப்படும். மரத்தில் ஏறிப் பொந்தினுட் கைவிட்டெடுப்பதும், கை எட்டாவிடின் பொந்தை வெட்டி அகலிப்பதும், சில வேளை தண்டையே வீழ்த்துவதும் வழக்கம். பின்னர் அக்குஞ்சு குடும்பத்தின் கவனம் அனைத்தையும் பெறும். குழைத்த சோறும், மசித்த வாழைப்பழமும், ஊறவைத்த பயறும் ஊட்டப்படும். இறகு வளர்ந்ததும் பறந்துவிடாதிருக்கச் சிறகு நறுக்கப்படும். இவற்றைச் செய்வோர் கொடியவரல்லர். இரவிலே கூட்டைத் துணியால் மூடிக் குளிருக்குக் காப்பவரும், தாம் உண்பதற்குமுன் கிளிக்கு வைப்பவரும் அவர்களே. கிளி வளர்ப்பின் வரலாறு கொடுமையின் வரலாறாக மட்டும் இருந்திருப்பின் அதனை ஆராய்வது எளிது. அன்பின் வரலாறாகவும் இருப்பதனாலேயே அது சிக்கலுடையதாகின்றது.

மனையில் வளரும் பெருங்கிளி முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. சிறுவனுக்காகக் கொண்டுவரப்பட்ட கிளி அவன் திருமணத்தையும் அவன் பிள்ளைகளின் கல்வியையும் காணும் வயதுடையது. மனிதக் குரலைத் தெளிவாகப் பற்றிக்கொள்ளும் ஆற்றலும் அதற்குண்டு. வீட்டுப் பிள்ளைகளின் பெயர், வாயிலில் வருவோரை வரவேற்கும் சொல், தாய் கூப்பிடும் தொனி ஆகியவற்றைக் கிளி திருப்பிச் சொல்லும். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்ற பழமொழி இதனை இகழ்ச்சியாகக் கூறினும், வீட்டார்க்கு அது பெருமையே. கொச்சிக்காய் கொடுத்தாற் கிளியின் நாத் திருந்தும் என்ற நம்பிக்கையும் மக்களிடையே உண்டு. உண்மையிற் கிளி நாவினால் மட்டும் பேசுவதில்லை. மூச்சுக்குழாயின் அடியிலமைந்த குரலுறுப்பே அதன் ஒலிக்கு மூலம். பறவைகளின் நரம்பு காரப்பொருளுக்கு இணங்குவதில்லை என 2002இல் வெளியான ஆய்வு காட்டியுள்ளது. மனிதன் கண்ணீர் விடும் கொச்சிக்காயைக் கிளி சுவைத்து உண்பதன் காரணம் இதுவே.

பேச்சின் விலை

கிளி ஏன் பேசுகின்றது என்ற வினாவுக்கு அண்மைக்கால அறிவியல் தரும் விடை, அதனை வளர்ப்போர் மனங்கொள்ள வேண்டியதாகும். வெனிசுவேலா நாட்டிற் காட்டில் வாழும் சிறு கிளியினம் ஒன்றைப் பற்றிய ஆய்வு 2011இல் வெளியாயிற்று. அதன்படி, ஒவ்வொரு குஞ்சுக்கும் தனக்கென ஓர் அழைப்பொலி உண்டு. பெயர் போன்ற அவ்வொலியைக் குஞ்சு கூட்டிலிருக்கும்போதே பெற்றோரிடமிருந்து கற்கின்றது. கிளிக்குக் கற்கும் ஆற்றல் இயற்கை அளித்தது மனிதனை மகிழ்விப்பதற்கன்று; தன் பெற்றோரையும் துணையையும் கூட்டத்தையும் அறிந்துகொள்வதற்கேயாகும். அலெக்சு என்னும் ஆபிரிக்கச் சாம்பற் கிளியை 1977 தொடக்கம் அது இறந்த 2007 வரை ஆராய்ந்த ஐரீன் பெப்பர்பேர்க், நிறம், வடிவம், எண் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களை அது பொருளறிந்து வழங்கியமையை எடுத்துக்காட்டினார். கிளியின் பேச்சு வெறும் எதிரொலி என்ற பழைய கருத்து இவற்றால் தளர்ந்துவிட்டது.

இதனை மனைக்கிளியோடு பொருத்திப் பார்க்கும்போது ஒரு துன்ப உண்மை புலனாகும். பெற்றோரின் குரலைக் கற்கவேண்டிய கிழமைகளிலேயே குஞ்சு எடுக்கப்படுகின்றது. கற்பதற்கு இயல்பாகவே விரும்பும் அவ்வுயிர், கிடைத்த குரலைக் கற்கின்றது. கிடைத்த கூட்டத்தைத் தன் கூட்டமாகக் கொள்கின்றது. வீட்டில் ஒருவரைத் துணையாகத் தெரிந்து அவர் தலைமயிரைக் கோதுவதும், அவர் வெளியே சென்றதும் அலறுவதும் இதனாலேயே. நெடுநாள் தனிமையில் விடப்பட்ட கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்வதும் உண்டு. மனிதச் சொல்லைப் பேசும் ஒவ்வொரு கிளியும், தன் இனத்தின் சொல்லைக் கற்பிக்க வேண்டியோரிடமிருந்து பிரிக்கப்பட்ட கிளியாகும்.

மொழியறிஞர் அடிக்கடி நினைவுகூரும் செய்தியொன்று இவ்விடத்திற் பொருத்தமுடையது. 1800இல் ஒரினோக்கோ ஆற்றுப் பகுதியிற் பயணஞ் செய்த அலெக்சாந்தர் வொன் அம்போல்ற், மைப்பூரெசு என்னுமிடத்தில் முதிய கிளியொன்றைப் பற்றி அறிந்தார். அது பேசுவது அழிந்துபோன அற்றூரெசு மக்களின் மொழி. ஆதலால் அதனை விளங்கிக்கொள்வார் எவருமில்லை என அங்குள்ளோர் கூறினர். மனிதர் கைவிட்ட சொல்லைக் கிளி வைத்திருந்தது என்னும் இச்செய்தி, புத்தளக் கரையோரத்துக்கும் புறம்பானதன்று. நீர்கொழும்பு முதற் சிலாபம் வரையுள்ள கடற்றொழிலாளர் குடும்பங்கள் பல தமிழும் சிங்களமும் வழங்கியவை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பாடசாலைகள் பல சிங்கள மொழிமூலத்துக்கு மாறியதன் பின்னர், பாட்டன் பாட்டியின் தமிழ் பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத வீடுகள் தோன்றின. உடப்பு போன்ற ஊர்கள் தமிழைக் காத்துக்கொண்டன. குஞ்சுக்கானாலும் குழந்தைக்கானாலும் மொழி என்பது அருகிலிருந்து கேட்கும் குரலே. அக்குரலுக்கும் கேட்கும் செவிக்கும் இடையே தொடர்பு அறுமாயின், ஒரு தலைமுறைக்குள்ளேயே வேறொரு மொழி அவ்விடத்தை நிரப்பிவிடும். இதனைத் தன் அனுபவத்தில் உணர்ந்த கரையோர மக்கள், கிளிக்கூட்டினுள் நிகழ்வதையும் உணர்தல் அரிதன்று.

சட்டமும் எண்ணிக்கையும்

இலங்கையில் வன விலங்குகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் 1937இல் ஆக்கப்பட்டது. 1993ஆம், 2009ஆம் ஆண்டுகளின் திருத்தங்களால் அதன் காப்பு விரிவுபெற்றது. பெருங்கிளி இன்று சட்டத்தாற் காக்கப்படும் பறவை; அதன் குஞ்சை எடுப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றமாகும். அழிவுக்குள்ளாகும் உயிரினங்களின் சர்வதேச வாணிகம் பற்றிய உடன்படிக்கையில் இலங்கை 1979இல் இணைந்தது. 1981இல் உலகின் ஏறக்குறைய எல்லாக் கிளியினங்களும் அதன் இரண்டாம் அட்டவணையிற் சேர்க்கப்பட்டன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் கிளியைக் காக்கின்றது. எனினும், அன்பினாற் செய்யப்படும் செயலைக் குற்றமென உணர்வதில் மக்களுக்குத் தயக்கமுண்டு. யானையைக் கொல்பவனைக் கடிந்துகொள்ளும் ஊர், கிளியை வளர்ப்பவரைக் கடிந்துகொள்வதில்லை.

ஒரு வீட்டில் ஒரு கிளியிருப்பதால் இனத்துக்கு என்ன குறை நேரும் என்று கேட்பாருமுளர். இதற்கு விடை அப்பறவையின் நீண்ட வாழ்நாளிலேயே அடங்கியுள்ளது. அறியப்பட்ட பொந்திலிருந்து ஆண்டுதோறும் குஞ்சுகள் எடுக்கப்படினும், பெற்ற பறவைகள் பல்லாண்டு உயிரோடிருக்கும். வானிற் பறக்கும் கூட்டம் குறையாதது போலவே தோன்றும். ஆனால் அக்கூட்டத்தில் இளம் பறவைகள் இரா. மூத்தவை மறையத் தொடங்கும்போதே இழப்பு கண்ணுக்குப் புலனாகும். அப்போது ஈடுசெய்யக் காலம் போதாது. குஞ்செடுப்பதற்காகப் பொந்து வெட்டப்படுவதால் அடுத்த ஆண்டுக்கான கூடும் இல்லாமற் போகின்றது. வாழிட இழப்பும் கூட்டுப் பறவை வாணிகமும் காரணமாகப் பெருங்கிளியை அச்சுறுத்தலை அண்மித்த இனமாக இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் வகைப்படுத்தியுள்ளது. இதே வாணிகத்தால் மேலை நாடுகளுக்குச் சென்று கூட்டிலிருந்து தப்பிய பெருங்கிளிகள் ஜேர்மனி, பெல்ஜியம், துருக்கி முதலிய நாடுகளின் நகர்ப் பூங்காக்களிற் கூடுகட்டிப் பெருகி வருகின்றன. அங்கே அவை அடைக்கப்படாமல் மனிதர் நடுவே வாழ்கின்றன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கிளி வளர்ப்பு மிகப் பழைய வழக்கம் என்பதும், அதற்கு அடிப்படை பேச்சின் மீது மனிதன் கொண்ட விருப்பம் என்பதும், அவ்விருப்பம் நிறைவேறுவதற்குக் குஞ்சொன்று தன் இனத்திலிருந்து பிரிக்கப்பட வேண்டும் என்பதும் தெளிவாகும். முன்னோர் செய்தனர் என்பதால் ஒரு வழக்கம் முழுவதும் சரியாகிவிடாது. இன்று தவறெனக் காணப்படுவதால் முன்னோரின் அன்பு பொய்யாகிவிடவும் மாட்டாது. கிளிக்குஞ்சு தன் பெற்றோரிடம் எதனைக் கற்கின்றது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்று தெரிந்திருக்கின்றது. அறிந்தபின் வரும் பொறுப்பு அறியாதவர்க்கு இருந்த பொறுப்பிலும் பெரிது.

ஏற்கெனவே மனையில் வளர்ந்துவிட்ட கிளியைக் கதவைத் திறந்து துரத்திவிடுதல் விடுதலையன்று. சிறகு நறுக்கப்பட்டு, உணவு தேடப் பழகாது வளர்ந்த அப்பறவை காகத்துக்கும் பூனைக்கும் இரையாகும். அதனை வனசீவராசிகள் திணைக்களத்தினரிடம் ஒப்படைப்பதே முறை. செய்யத்தக்க பெரிய பணி வேறொன்றுண்டு. தோப்பின் ஓரத்திற் பொந்துடைய முதிய மரமொன்றை வெட்டாது விடுதலும், அதில் ஏறிக் குஞ்செடுக்க முனையும் சிறுவனைத் தடுத்து, தாய்க்கிளி இரை கொண்டுவருவதை அவனுக்குக் காட்டுதலும் எவராலும் இயல்வனவே.

1938இல் தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்ட வில்பத்துக் காட்டினுள்ளேயே குதிரைமலை இன்றும் கடலைப் பார்த்து நிற்கின்றது. அங்கிருந்து தெற்கே சிலாபத்துப் பாலம் வரையுள்ள கரை முழுவதும் ஒரு காலத்திற் கிளிகளின் குரலைக் கேட்டது. அக்குரலில் ஒரு தமிழ்ச்சொல்லோ சிங்களச்சொல்லோ இருக்கவில்லை. மாலைச் சந்தையில் நின்றோர் தம் விலைப்பேச்சை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பதற்கு அது தடையாக இருக்கவுமில்லை.